மெட்டா டேக் எவ்வளவு பெறும்?

கோவையில் இணையதளம் செய்து கொடுக்கும் கம்பெனிகளின் கொட்டேஷன் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். டொமைன், ஹோஸ்டிங், ஐந்து பக்க டிசைன் எல்லாம் முடிந்தபின், ‘மெட்டா டேக் ஆப்டிமைசேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். சில இடங்களில் ஒருமுறைக் கட்டணம், சில இடங்களில் மாதச் சந்தா. கணபதியில் வெட் கிரைண்டர் செய்கிறவரும் ஆவாரம்பாளையத்தில் பம்புக்குப் பாகம் கடைகிறவரும் டூல் பிட் வாங்கும்போது பைசா கணக்கில் பேரம் பேசுகிற ஆட்கள். இந்த வரிக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை. “டேக் எல்லாம் போட்டாச்சுங்களா?” என்று கேட்பார்கள், “போட்டாச்சுங்க” என்று பதில் வரும், காசு கைமாறும். என்னவென்றே தெரியாத பொருளுக்கு எப்படிப் பேரம் பேசுவது?

பொருள் இதுதான். எந்த இணையப் பக்கத்தையும் கம்ப்யூட்டரில் திறந்து கன்ட்ரோலையும் ‘யு’வையும் சேர்த்து அழுத்தினால் அதன் சோர்ஸ் தெரியும். மேலே ‘ஹெட்’ என்ற பகுதி. அதில் இருப்பவை பக்கத்துக்குள் வராது. பிரவுசருக்கும் தேடுபொறிக்கும் சொல்லப்படும் செய்திகள். டைட்டில், டிஸ்கிரிப்ஷன், கீவேர்ட்ஸ், ரோபோட்ஸ், கேரக்டர் செட், வியூபோர்ட் என்று வரிசையாக நிற்கும். கறாராகச் சொன்னால் டைட்டில் மெட்டா டேக்கே அல்ல, அது தனி டேக். ஆனால் தொழிலில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் விற்கிறார்கள். மூட்டையாக விற்பதால்தான் விலை புரிவதில்லை. பிரித்துப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் போதும். தரவரிசை போடும்போது தேடுபொறி இதைக் கணக்கில் எடுக்கிறதா? எடுக்காவிட்டாலும், தேடுகிற மனிதர் கண்ணில் இது படுகிறதா?

கீவேர்ட்ஸ் டேக்கிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் விற்பவர்கள் அதிகம் காட்டிப் பெருமைப்படுவது அதைத்தான். நம்மூர் கிரைண்டர் கம்பெனித் தளங்களில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘கிரைண்டர், வெட் கிரைண்டர், பெஸ்ட் வெட் கிரைண்டர், பெஸ்ட் வெட் கிரைண்டர் இன் கோயமுத்தூர், நம்பர் ஒன் கிரைண்டர் கம்பெனி இன் தமிழ்நாடு, சீப் கிரைண்டர், கிரைண்டர் பிரைஸ்.’ ‘பெஸ்ட்’டும் ‘சீப்’பும் ஒரே வரியில் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் இப்படி எழுத எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதிய வரி அது.

அந்தத் தைரியம்தான் அந்த டேக்கைக் கொன்றது. 1990களின் நடுவில் அல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள் கீவேர்ட்ஸ் டேக்கை நம்பின. பக்கத்தின் பொருளைப் பக்கத்துக்காரரே சொல்லிவிட்டால் வேலை சுலபம் என்று நினைத்தன. சொன்னவர்கள் எல்லாரும் உண்மையைச் சொல்லவில்லை. 1998இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்த செர்கே பிரின்னும் லாரி பேஜும் கூகுளின் அமைப்பை விளக்கி எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே காரணம் இருக்கிறது: வாசகருக்குக் காட்டப்படாத எழுத்து எதுவானாலும் தேடுபொறியை ஏமாற்றப் பயன்படுத்தப்பட்டுவிடுகிறது, ஆகவே அந்த வழி தோற்றுவிட்டது என்கிறார்கள். பக்கத்துக்காரர் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட, மற்றவர்கள் அந்தப் பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்புகளை எண்ணுவது நம்பகமானது என்பது அவர்கள் கண்ட மாற்று. திருப்பூரில் பனியன் துணியின் லேபிளில் 180 ஜி.எஸ்.எம். என்று அடித்திருந்தாலும் பையர் ஜி.எஸ்.எம். கட்டரால் வட்டமாக வெட்டி எடை போட்டுப் பார்க்காமல் ஆர்டரை ஏற்பதில்லையே, அதே கதைதான்.

2002இல் அல்டாவிஸ்டா கைவிட்டது. 2009 செப்டம்பரில், வலைத்தேடலின் தரவரிசைக்குக் கீவேர்ட்ஸ் டேக்கைத் தாங்கள் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுளின் மேட் கட்ஸ் வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த மாதமே ஒரு சுவையான சம்பவம். யாஹூவும் நிறுத்திவிட்டதாகச் சொன்னது. தேடல் துறைச் செய்தியாளர் டேனி சல்லிவன் அதை அப்படியே எழுதிக்கொள்ளவில்லை. எங்குமே இல்லாத ஒரு உளறல் சொல்லைக் கீவேர்ட்ஸ் டேக்கில் மட்டும் வைத்து, பக்கம் பட்டியலில் ஏறியபின் அந்தச் சொல்லைத் தேடினார். யாஹூ அந்தப் பக்கத்தைக் காட்டியது. அந்த டேக்குக்கு ஆகக் குறைந்த மதிப்பு இன்னும் உண்டு என்று யாஹூ திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம், செலவில்லை. உங்கள் தளத்தில் வேறெங்கும் வராத ஒரு சொல்லை அந்த டேக்கில் மட்டும் போட்டுவையுங்கள். சில வாரம் கழித்து அந்தச் சொல்லைக் கூகுளில் தேடுங்கள். வந்தால், தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவருவதாகச் சொல்லும் எஸ்.இ.ஓ.காரருக்குச் சந்தா கட்டுங்கள்.

ஆக, கீவேர்ட்ஸ் டேக்கின் மதிப்பு பூஜ்யம். முதல் கேள்விக்கும் இல்லை, இரண்டாவது கேள்விக்கும் இல்லை. ஒரு நியாயம் மட்டும் அந்தக் காலத்தில் அதற்கு இருந்தது. பவானி ஜமக்காளத்தை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். பக்கத்தில் நாலையும் எழுதினால் அசிங்கமாக இருக்கும், டேக்கில் போட்டுவிடலாம். இன்றைய தேடுபொறி எழுத்துப்பிழையையும் வேறுபாட்டையும் தானே புரிந்துகொள்கிறது. அந்த வேலையும் போய்விட்டது.

நீதிமன்றங்கள் இதை இத்தனை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லாமல் நகர முடியாது. 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஷாதி டாட் காம் நடத்தும் பீப்பிள் இன்டராக்டிவ் நிறுவனம் தொடர்ந்த வழக்கில், அந்நிறுவனத்தின் பெயரைப் போட்டியாளர் மெட்டா டேக்கில் ஒளித்துவைத்ததை நீதிபதி கௌதம் படேல் இணையப் போக்குவரத்தைத் திருடுவதாகவே பார்த்துத் தடை விதித்தார். கூகுள் அந்த டேக்கைக் கைகழுவி ஐந்து வருடம் ஆகியிருந்தது. தொழில்நுட்பத்தைத் தீர்ப்பு பின்தங்கிப் பார்த்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வழக்கில் தளத்தின் பெயரே ஒத்த பெயராக இருந்தது; டேக் அதன் நோக்கத்துக்குச் சாட்சி. பூட்டு திறக்காத கள்ளச்சாவி என்றாலும் அதைச் செய்தவன் எதற்குச் செய்தான் என்பதில் சந்தேகமில்லை. இதற்கு நான்கு வருடம் முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தில் பாரத் மேட்ரிமோனியின் கன்சிம் நிறுவனம் கூகுள் மீதும் போட்டித் தளங்கள் மீதும் தொடர்ந்த வழக்கில் உத்தரவு வந்தது. அது கூகுள் விளம்பரங்களில் விலைக்கு வாங்கும் கீவேர்ட் பற்றியது. பெயர் ஒன்று, சங்கதி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, “கீவேர்டுக்குக் கூகுளே காசு வாங்குதுங்க, அப்புறம் எப்படி வேலை செய்யாது?” என்று வாதிடுகிறவர்கள் காந்திபுரத்தில் இன்றும் இருக்கிறார்கள். பக்கத்துப் போட்டி பிராண்டின் பெயரை உங்கள் கீவேர்ட்ஸ் டேக்கில் யாராவது போட்டிருந்தால், பலன் பூஜ்யம், வழக்கு மட்டும் மிச்சம்.

டிஸ்கிரிப்ஷன் கொஞ்சம் சிக்கலான சரக்கு. தேடல் முடிவில் நீல எழுத்துத் தலைப்புக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இரண்டு வரி வருமே, அதற்காக எழுதப்படுவது. தரவரிசைக்கு இதை எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் அந்த 2009 அறிவிப்பிலேயே சொல்லிவிட்டது. ஆனால் மனிதர் கண்ணில் படுகிறது, ஆகவே மதிப்பு உண்டு என்பது வாதம். எல்லா நேரமும் படுவதும் இல்லை. தேடியவரின் சொல்லுக்குப் பொருத்தமான வரி பக்கத்துக்குள் கிடைத்தால் கூகுள் அதைத்தான் காட்டும். 2020இல் ஏரெஃப்ஸ் என்ற எஸ்.இ.ஓ. கருவி நிறுவனம் எடுத்த கணக்கில் ஏறக்குறைய 63 சதவீத இடங்களில் கூகுள் தானே மாற்றி எழுதிக்கொண்டிருந்தது.

நீளத்தைப் பற்றிய வேதவாக்குகளும் அப்படித்தான். 2017 டிசம்பரில் கூகுள் இந்தக் குறிப்பை நீளமாகக் காட்ட ஆரம்பித்தது. உலகம் முழுக்க ஏஜென்சிகள் பழைய டிஸ்கிரிப்ஷன்களை இரட்டிப்பு நீளத்துக்கு மாற்றி எழுதி பில் போட்டன. 2018 மே மாதம் கூகுள் திரும்பவும் குறைத்துவிட்டது. மறுபடி எழுதி, மறுபடி பில். மாதச் சந்தாவின் மகிமை இதில் தெரியும்.

இருந்தாலும் எதிர்த்தரப்பிடம் ஒரு பலமான சான்று இருக்கிறது. அமெரிக்க அரசு கூகுள் மீது தொடர்ந்த ஏகபோக வழக்கில் 2023 அக்டோபரில் கூகுளின் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சியம் சொன்னார். மக்கள் எந்த முடிவைக் கிளிக் செய்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துத் தரவரிசைக்கு உதவும் ‘நேவ்பூஸ்ட்’ என்ற அமைப்பு இருப்பது அதில் உறுதியானது. நல்ல டிஸ்கிரிப்ஷன் கிளிக்கைக் கூட்டும், கிளிக் தரவரிசையைக் கூட்டும், ஆகவே டிஸ்கிரிப்ஷன் சுற்றுவழியில் தரவரிசைக்கு உதவுகிறது என்று சங்கிலி போடுகிறார்கள். தள்ளிவிட முடியாத வாதம். ஆனால் சங்கிலியின் முதல் கண்ணியைப் பாருங்கள். முதலில் உங்கள் பக்கம் முதல் திரைக்கு வந்திருக்க வேண்டும்; வந்தபின் கூகுள் உங்கள் வரியையே காட்ட வேண்டும். ஐந்தாவது பக்கத்தில் கிடக்கும் தளத்துக்கு டிஸ்கிரிப்ஷன் எழுதித் தருவதாக வாங்கும் காசு, யாரும் வராத கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் செலவு. ஏற்கெனவே நாலாவது ஐந்தாவது இடத்தில் நிற்கும் பக்கத்துக்கு அது உண்மையில் பலன் தரும். எல்லாப் பக்கத்துக்கும் எழுத வேண்டியதில்லை. பத்து முக்கியப் பக்கங்களுக்கு ஒழுங்காக எழுதினால் போதும்.

டைட்டில்தான் இந்த மூட்டையில் கனமானது. தேடுபொறி படிக்கிறது, கணக்கில் எடுக்கிறது, மனிதரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார். 2021 ஆகஸ்டில் கூகுள் டைட்டில்களைத் தானே மாற்றிக் காட்டத் தொடங்கியபோது பெரிய கூச்சல் எழுந்தது. செப்டம்பரில் அமைப்பைச் சரிசெய்து, ஏறக்குறைய 87 சதவீத நேரம் தளத்தின் டைட்டிலையே பயன்படுத்துவதாகச் சொன்னது. டிஸ்கிரிப்ஷனின் கதியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம். இத்தனை மதிப்புள்ள இடத்தில் நம் தொழிற்சாலைத் தளங்கள் என்ன எழுதுகின்றன? ‘ஹோம்’. அல்லது ‘வெல்கம் டு’ என்று தொடங்கி கம்பெனி பெயர். முப்பது பொருள் இருந்தால் முப்பது பக்கத்துக்கும் அதே டைட்டில். ‘10 லிட்டர் டில்டிங் வெட் கிரைண்டர், ஓட்டல் உபயோகம், கோவை’ என்று ஒரு வரி எழுத யாருக்கும் எஸ்.இ.ஓ. தெரிய வேண்டியதில்லை, விற்கும் பொருள் தெரிந்தால் போதும். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு 2006இலேயே கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை டைட்டிலிலும் பக்கத்திலும் உரிமையோடு எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் அதைப் போட்டுவைப்பது கீவேர்ட்ஸ் டேக்கில்.

தமிழில் டைட்டில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல். டைட்டில் 60 எழுத்து, டிஸ்கிரிப்ஷன் 155 எழுத்து என்று எச்சரிக்கும் கருவிகள் ஆங்கிலத்துக்குச் செய்தவை. ‘கோயம்புத்தூர்’ நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. புள்ளியையும் காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும் கருவிக்குப் பதின்மூன்று. அது சிவப்பு விளக்கு காட்டியதும் தளம் செய்யும் பையன் பயந்துபோய் நல்ல வரியைப் பாதியில் வெட்டிவிடுகிறான். கூகுள் எழுத்தை எண்ணுவதில்லை. திரையில் எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்றுதான் பார்த்து வெட்டுகிறது. தமிழ் எழுத்து அகலமானது என்பது உண்மை, ஆகவே சுருக்கமாக எழுதுவது நல்லதுதான். ஆனால் அளவுகோல் கருவியின் எண் அல்ல. போனில் தேடிப் பார்த்தால் தெரியும்.

மெட்டா டேக் ஒரு காலத்தில் உண்மையிலேயே உயிர்நாடியாக இருந்தது. அந்தக் கதை கோவையோடும் தொடர்புள்ளது. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த தமிழ்த் தளங்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்தன. டாம், டாப், டிஸ்கி, அதுபோக ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்தக் குறியாக்கம். குறிப்பிட்ட எழுத்துரு இருந்தால் திரையில் தமிழ். தேடுபொறிக்கு அது மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. கட்டுரை எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் தமிழில் தேடுகிறவருக்குக் கிடைக்காது. ஆங்கிலத்தில் எழுதிய டைட்டிலும் மெட்டா டேக்கும் மட்டுமே அந்தப் பக்கத்தில் தேடுபொறி படிக்கக்கூடிய வரிகள். அவற்றை விட்டால் அந்தப் பக்கம் இருட்டில்தான்.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடும் அங்கேயே சேர்ந்து நடந்தது. அதே மாதத்தில்தான் தமிழக அரசு யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்தைத் தமிழுக்கான தரமாக ஏற்று ஆணையிட்டது; மாற்றாக டேஸ்-16 என்ற குறியாக்கத்தையும் வைத்துக்கொண்டது. மாநாட்டு ஊர்வலத்தையும் அலங்கார வண்டிகளையும் அவினாசி ரோட்டில் நின்று பார்த்தவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்த ஆணையை அவ்வளவு பேர் நினைவில் வைக்கவில்லை. தமிழ்ப் பக்கங்கள் தேடலில் வந்ததற்கு எந்த டேக் ஆப்டிமைசேஷனையும்விட யூனிகோடுக்கு மாறியதே பெரிய காரணம். பக்கத்தின் உடம்பே படிக்கக் கிடைத்தபின் தலையில் எழுதிய குறிப்பின் அவசியம் தானாகக் குறைந்துவிட்டது.

இதிலிருந்து ஒரு சோதனைக் கேள்வி கிடைக்கிறது: உங்கள் தளத்துக்கு மெட்டா டேக் முக்கியமாக இருக்கிறது என்றால், பக்கத்தில் வேறு எதுவும் இல்லை என்று பொருளா? நம் பகுதியில் பெரும்பாலும் ஆம். அச்சகத்துக்குச் செய்த பிரவுச்சரை அப்படியே படமாக ஏற்றியிருப்பார்கள். மோட்டார் எத்தனை எச்.பி., பம்பின் ஹெட் எத்தனை மீட்டர், டெலிவரி எத்தனை இன்ச் எல்லாம் படத்துக்குள். பார்க்கிறவருக்குத் தெரியும், தேடுபொறிக்கு எழுத்தாகக் கிடைக்காது. யூனிகோடுக்கு முந்தைய இருட்டை நாமே காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது போலத்தான். அந்தப் பக்கத்துக்கு டேக் போட்டுத் தருவது வைத்தியம் அல்ல.

ரோபோட்ஸ் டேக்கைக் கொட்டேஷனில் யாரும் விற்பதில்லை, ஆனால் மூட்டையிலேயே அதிகாரம் அதற்குத்தான். ‘நோஇண்டெக்ஸ்’ என்று ஒரு சொல் அதில் இருந்தால் கூகுள் அந்தப் பக்கத்தைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். தளம் கட்டும்போது வெளியே தெரியக்கூடாது என்று வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு பெட்டியில் டிக் போடுவார்கள்; அது இந்தச் சொல்லைச் சேர்த்துவிடும். தளம் வெளியானபின் எடுக்க மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் ஒரு தளம் தேடலில் வராமல் கிடப்பதற்கு இது சாதாரணமான காரணம். மெட்டா டேக்கால் ஒரு பக்கத்தை மேலே ஏற்றுவது கஷ்டம், அடியோடு அழிப்பது ஒரே சொல்லில் முடியும். விலை கொடுக்க வேண்டிய நியாயமான வேலை ஒன்று உண்டென்றால் இந்தச் சரிபார்ப்புத்தான். ஐந்து நிமிடம் பிடிக்கும்.

திருப்பூரில் ஆயிரக்கணக்கில் ரகம் விற்கும் ஆன்லைன் கடைக்கு நான் சொன்ன கணக்கு முழுதும் பொருந்தாது. அங்கே ஒரே சட்டை ஏழு நிறத்தில் ஏழு பக்கமாக நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே டைட்டில் என்றால் எதைக் காட்டுவது என்று தேடுபொறி குழம்பும். அங்கே டைட்டிலுக்கு ஒரு சூத்திரம் வகுத்து நிரலாகவே எழுதுவது உண்மையான பொறியியல் வேலை, அதற்குச் சம்பளம் நியாயம். ஐந்து பக்கத் தளம் வைத்திருக்கும் பவுண்டரிக்கு அந்தக் கட்டணத்தைச் சொல்வது நியாயம் அல்ல.

டேக்கை விட்டுவிட்டு, தேடலில் மேலே நிற்பது யார் என்றே பாருங்கள். ‘வெட் கிரைண்டர் மேனுஃபேக்சரர்ஸ் கோயமுத்தூர்’ என்று தேடினால் பெரும்பாலும் மேலே நிற்பவை இண்டியாமார்ட், ஜஸ்ட்டயல், மேப்பில் மூன்று கடை. அந்தச் சந்தைத் தளங்களை மேலே வைத்திருப்பது பல வருட இணைப்பும் லட்சக்கணக்கான பக்கமும். மேப்பில் யார் வருவது என்பதைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்து முடிவு செய்வதாகக் கூகுளே சொல்கிறது. உங்கள் தளத்தின் மெட்டா டேக் அதில் வருவதில்லை. மேப்புக்குத் தகவல் தரும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் சரியான முகவரி, வேலை நேரம், நாலு நிஜமான போட்டோ போட அரை நாள் ஆகும்.

ஆக என் தீர்ப்பு: கீவேர்ட்ஸ் டேக்குக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். டைட்டிலும் முக்கியமான பத்து டிஸ்கிரிப்ஷனும் ரோபோட்ஸ் சரிபார்ப்பும் சேர்த்து ஒரு நாள் வேலை; ஒரு நாள் சம்பளம் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் ‘டேக் பராமரிப்பு’ என்று ஒன்று கிடையாது. மிச்சமாகும் பணத்துக்குச் சர்வீஸ் செக்ஷனில் போன் எடுக்கும் ஆளைக் கூப்பிட்டு, தினமும் என்ன கேட்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். கல்லை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொத்த வேண்டும், பெல்ட் கழன்றால் வீட்டிலேயே மாட்டலாமா, இட்லி மாவுக்கும் வடை மாவுக்கும் எவ்வளவு நேரம் ஓட விடுவது. ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், படமாக அல்ல, எழுத்தாக. கேட்டவர் சொன்ன வார்த்தையையே டைட்டிலாகப் போட்டுவிடுங்கள்: ‘கிரைண்டர் கல்லு எப்போ கொத்தணும்?’